பீடி சுற்றும் பெண்களும் ரத்தசோகையும்: கணினியில் முதல் முறையாகச் சுகாதாரத் தரவை அலசுபவருக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் நர்சிங், பொதுச் சுகாதாரம், சமுதாய மருத்துவம் படிக்கிற பலருக்கும் படிப்பின் கடைசி வருடத்தில் இந்தத் தலைவலி வருகிறது. ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பியாயிற்று, விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தாயிற்று, எல்லாம் எக்செல்லில் ஏறிவிட்டது. அப்புறம்? "எஸ்பிஎஸ்எஸ்ல போட்டா வந்துடும்" என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார். வராது. எந்தக் கணக்கைக் கேட்டாலும் சாஃப்ட்வேர் போட்டுத் தந்துவிடும், தப்பான கணக்கைக் கேட்டால் அதையும் அதே வேகத்தில் தரும். எதைக் கேட்பது, கேட்கும் முன் தரவை எப்படித் தயார் செய்வது, வந்த விடையை எப்படிப் படிப்பது என்ற மூன்றையும்தான் இந்தக் கட்டுரை சொல்லப் பார்க்கிறது.

ஒரே ஒரு எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ரத்தசோகை அதிகமா என்பது நம் கேள்வி. பீடி சுற்றும் பெண்கள் 120 பேர், அதே ஊர்களில் பீடி சுற்றாத பெண்கள் 120 பேர். இந்த எண்களும் இனி வரும் முடிவுகளும் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

எந்த சாஃப்ட்வேர்

இதை நீட்ட விரும்பவில்லை. புதிதாகத் தொடங்குபவர் ஜமோவியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், எக்செல் போன்ற தோற்றம், கமாண்ட் எதுவும் எழுத வேண்டாம். உள்ளே ஓடுவது ஆர் என்ற கணக்கு மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொண்ணூறுகளில் உருவாக்கியது அது, இன்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எஸ்பிஎஸ்எஸ் 1968-லிருந்து இருக்கிறது, நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் லைசென்ஸ் விலை மாணவர் கைக்கு எட்டாது. கல்லூரி வாங்கித் தந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பென் டிரைவில் ஹாஸ்டல் அறை மாறி அறை வரும் திருட்டுக் காப்பி மட்டும் வேண்டாம். வைரஸ் ஒருபுறம் இருக்கட்டும், ஆய்வுக் கட்டுரையில் எந்த சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு என்று எழுத வேண்டும். அங்கே என்ன எழுதுவீர்கள்?

கணினியைத் திறக்கும் முன்

ஒரு வெள்ளைத் தாளில், கடைசியில் உங்கள் கட்டுரையில் வரப்போகும் அட்டவணையை எண் இல்லாமல் வரையுங்கள். இடது பக்கம் பீடி சுற்றுபவர், சுற்றாதவர். மேலே ரத்தசோகை உண்டு, இல்லை. உள்ளே நான்கு காலிக் கட்டங்கள். இதுதான் முதன்மை அட்டவணை. அடுத்து வயது, படிப்பு, குடும்ப வருமானம், பிள்ளைகள் எத்தனை என்று இரண்டு குழுவையும் விவரிக்கும் அட்டவணை. இப்படி மூன்று, நான்கு காலி அட்டவணைகள் வரைந்து வழிகாட்டியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். இந்தத் தாள் இல்லாமல் உட்காருபவர்தான் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, நட்சத்திரக் குறி விழுந்த இடத்தை எல்லாம் 'கண்டுபிடிப்பு' என்று எழுதுவார். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத 20 ஒப்பீடுகளைச் செய்து பாருங்கள், சராசரியாக ஒன்றிலாவது பி மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வரும் வாய்ப்பு, 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். தற்செயல் என்பது அதுதான்.

எது ரத்தசோகை என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 11 முதல் 11.9 வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமையானது. கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு. ஆகவே அவர்களைத் தனியே வைக்கப் போகிறீர்களா, ஆய்விலேயே சேர்க்கப் போவதில்லையா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எண்களைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களே நம்ப மாட்டீர்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கும் களத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டியது. நம் ஊர் சமுதாய மருத்துவத் துறைகளில் 4பிக்யூ வகுத்தல் டி ஸ்கொயர் என்ற சூத்திரம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார்கள். அது ஒரே குழுவில் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடத்தான். இரண்டு குழுக்களை ஒப்பிட வேறு சூத்திரம், ஓப்பன்எபி என்ற இலவசக் கருவியில் அது இருக்கிறது. சந்தேகம் இருந்தால் புள்ளியியல் தெரிந்தவரை இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். 1938-ல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசிய புள்ளியியல் அறிஞர் ஆர்.ஏ. ஃபிஷர், எல்லாம் முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல என்று சொல்லிவைத்தார். பாகாயத்தில் சிஎம்சியின் உயிர்ப்புள்ளியியல் துறை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தத் தப்பைச் செய்ய வேண்டியதில்லை.

எக்செல் தாள்

ஒரு வரிசைக்கு ஒரு பெண், ஒரு பத்திக்கு ஒரு விவரம். முதல் வரிசையில் மட்டும் பத்திகளின் பெயர். பெயர்கள் சின்னதாக, ஆங்கில எழுத்தில், நடுவில் இடம் விடாமல் இருக்கட்டும். செல்களைச் சேர்ப்பது, வண்ணம் பூசுவது, கடைசியில் மொத்தம் போடுவது எதுவும் வேண்டாம். "மஞ்சள் கலர் அடிச்சதெல்லாம் சுகர் இருக்கறவங்க" என்று யாராவது தாள் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வண்ணத்தை எந்த சாஃப்ட்வேரும் படிக்காது, சுகர் என்று தனிப் பத்தி போடச் சொல்லுங்கள்.

பெயர், ஆதார் எண், போன் நம்பர் இந்தத் தாளில் இருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஆய்வு எண் கொடுத்து, பெயரையும் அந்த எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். நெறிமுறைக் குழுவிடம் அப்படிச் செய்வதாகத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்.

ஊர்ப் பெயரில்தான் நம் பக்கத்துத் தரவு அதிகம் சிக்குகிறது. குடியாத்தத்தை ஒருவர் ஆங்கிலத்தில் இரண்டு 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டிஎச்' போடுவார், மூன்றாமவர் சரியாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் தட்டியிருப்பார். கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு ஊர்கள். ஊருக்கு எண் குறியீடு கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. 1 என்றால் எந்த ஊர், 2 என்றால் எந்த ஊர் என்று இன்னொரு தாளில் விளக்கம் எழுதி வையுங்கள். அதைக் கோட்புக் என்பார்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது தேவைப்படும்.

ஊரைச் சொன்னதால் மாவட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் முடிவை அரசின் பழைய கணக்கோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் எல்லையைப் பாருங்கள். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளை வைத்து எடுக்கப்பட்டது. அதில் 'வேலூர்' என்று இருப்பது ஆம்பூரும் வாணியம்பாடியும் ஆற்காடும் சேர்ந்த பழைய வேலூர். இன்னும் பின்னால் போய் வட ஆற்காடு என்ற பெயரில் 1989-க்கு முந்தைய புள்ளிவிவரம் கிடைத்தால் அதில் திருவண்ணாமலையும் அடக்கம். "வேலூரில் இவ்வளவு குறைந்திருக்கிறது" என்று எழுதும் முன் எந்த வேலூர் என்று பார்க்க வேண்டும்.

பழைய எக்செல் வடிவத்தில் சேமிக்கவும் வேண்டாம். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் நிற்காது. 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றாளர் பட்டியலில் கிட்டத்தட்ட 16,000 பேர் விடுபட்டுப் போனதற்குக் காரணம் அதுதான். நம் 240 பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் பழக்கம் பழக்கம்தான். சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள்.

சுத்தம் செய்தல்

உண்மையான வேலை இங்கேதான். மூலக் கோப்பை அப்படியே ஒரு காப்பி எடுத்து, 'தொடாதே' என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுங்கள். திருத்தமெல்லாம் இன்னொரு காப்பியில். எந்த எண்ணை எதற்காக மாற்றினோம் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள்.

ஜமோவியில் கோப்பைத் திறந்ததும் ஒவ்வொரு பத்தியின் தலைப்பையும் இரட்டைக் கிளிக் செய்து அது எந்த வகை என்று சொல்லுங்கள். வயதும் ஹீமோகுளோபினும் 'கன்டினியூவஸ்'. பீடி சுற்றுகிறாரா என்பது 'நாமினல்'. படிப்பு நிலை 'ஆர்டினல்'. இதைச் சொல்லாவிட்டால் ஊர்க் குறியீடு 1, 2, 3-க்கு எல்லாம் சராசரி போட்டு, சராசரி ஊர் 2.4 என்று அது பாட்டுக்குச் சொல்லும்.

அப்புறம் 'எக்ஸ்ப்ளோரேஷன்' பட்டனில் 'டிஸ்கிரிப்டிவ்ஸ்' எடுத்து, எண் வகைப் பத்திகளை எல்லாம் உள்ளே தள்ளுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை விடுபட்டிருக்கிறது என்ற மூன்றை மட்டும் முதலில் பாருங்கள். ஹீமோகுளோபின் அதிகபட்சம் 112 என்று வந்தால் யாரோ 11.2-ல் புள்ளியை விட்டிருக்கிறார்கள். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள், ஊகித்துத் திருத்தாதீர்கள். 99 என்று வந்தால் அது 'பதில் இல்லை' என்பதற்காக நீங்களே கொடுத்த குறியீடாக இருக்கும். அதை விடுபட்ட மதிப்பு என்று ஜமோவிக்குச் சொல்லாமல் விட்டால், பத்துப் பெண்களுக்கு 99 இருந்தாலே மொத்தச் சராசரியும் வானத்துக்குப் போய்விடும்.

வயதுக்கு ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள். 30, 35, 40, 45-ல் மட்டும் தூண்கள் உயர்ந்து நிற்கும். பெரியவர்களிடம் வயது கேட்டால் "நாப்பது இருக்கும் போடும்மா" என்பதுதான் பதில், அதனால் வருவது இது. ரத்த அழுத்தமும் எடுத்திருந்தால் 120, 130, 140 என்று பூஜ்ஜியத்தில் முடிவதே அதிகமாக இருக்கிறதா பாருங்கள். அது அளந்தவரின் கைவண்ணம். கணினியால் இதைத் திருத்த முடியாது. கட்டுரையில் குறையாகச் சொல்லிவிடலாம், அடுத்த முறை களப் பணியாளருக்கு நல்ல பயிற்சி கொடுக்கலாம். அவ்வளவுதான்.

இப்போது 'டேட்டா' பக்கத்தில் 'டிரான்ஸ்ஃபார்ம்' கொண்டு ரத்தசோகை என்ற புதுப் பத்தியை உருவாக்குங்கள். 12-க்குக் கீழே இருந்தால் உண்டு, மற்றபடி இல்லை. சரியாக 12.0 இருப்பவர் எந்தப் பக்கம் போகிறார் என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

முதலில் எண்ணுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்

விவரிப்பு அட்டவணையை விரைவாகவே முடித்துவிடலாம். வயது போலச் சீராகப் பரவியிருக்கும் எண்ணுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும். குடும்ப வருமானத்துக்கு இடைநிலை மதிப்புதான் (மீடியன்) சரி, தோல் தொழிற்சாலை முதலாளி வீட்டுப் பெண் ஒருவர் பட்டியலில் இருந்தால் போதும், சராசரி யாருடைய வருமானமாகவும் இல்லாமல் போகும். வகைகளுக்கு எண்ணிக்கையும் சதவீதமும். சதவீதத்தை மட்டும் தனியாக எழுதாதீர்கள். '50 சதவீதம்' என்பது நாலில் இரண்டு பேராகவும் இருக்கலாம்.

முதன்மைக் கேள்விக்கு வருவோம். 'ஃப்ரீக்வன்சீஸ்' பட்டனில் 'இண்டிபெண்டன்ட் சாம்பிள்ஸ்' என்ற கை-ஸ்கொயர் சோதனை. வரிசையில் பீடி, பத்தியில் ரத்தசோகை. 'செல்ஸ்' பகுதியில் வரிசைச் சதவீதத்தை டிக் செய்யுங்கள், பத்திச் சதவீதத்தை அல்ல. பீடி சுற்றுபவரில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்பதுதான் நம் கேள்வி. ரத்தசோகை உள்ளவரில் எத்தனை பேர் பீடி சுற்றுகிறார்கள் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டும் குழம்பிப்போன ஆய்வேடுகள் ஏராளம்.

விடை இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். பீடி சுற்றும் 120 பேரில் 72 பேருக்கு ரத்தசோகை, அதாவது 60 சதவீதம். சுற்றாத 120 பேரில் 54 பேர், 45 சதவீதம். கை-ஸ்கொயர் 5.41, பி மதிப்பு 0.02. பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு 'குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது' என்று எழுதி எழுந்துவிடுவார்கள். ஆனால் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது. இங்கே அது 15 சதவீதப் புள்ளிகள், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 2.5 முதல் 27.5 வரை. உண்மையான வித்தியாசம் ஒன்றுமில்லை என்று சொல்லுமளவு சிறியதாகவும் இருக்கலாம், நாம் கண்ட 15-ஐப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகவும் இருக்கலாம் என்று இந்த இடைவெளி சொல்கிறது. பி மதிப்பு இதைச் சொல்லாது.

அதே திரையில் 'ஆட்ஸ் ரேஷியோ' என்று இன்னொரு டிக் இருக்கிறது. போட்டால் 1.83, நம்பிக்கை இடைவெளி 1.10 முதல் 3.06 வரை. உடனே 'பீடி சுற்றும் பெண்களுக்கு ரத்தசோகை 1.83 மடங்கு அதிகம்' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 60-ஐ 45-ஆல் வகுத்தால் 1.33 தான் வருகிறது. 1.83 என்பது உண்டு-இல்லை விகிதங்களின் விகிதம். ஒரு குழுவில் 72-க்கு 48, இன்னொன்றில் 54-க்கு 66, இவற்றை வகுத்தது. நோய் ஆயிரத்தில் ஓரிருவருக்கு வருவதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ரத்தசோகை போல பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றில் ஆட்ஸ் ரேஷியோ நிலைமையை ஊதிக் காட்டும். அந்த 1.33-ஐத் தரும் 'ரிலேட்டிவ் ரிஸ்க்' என்ற டிக்கும் அதே திரையில் இருக்கிறது, இந்த ஆய்வுக்கு அதை எடுத்து எழுதினால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

1.83-க்குப் பதில் 0.55 வந்தால் பயப்பட வேண்டாம். எந்த வகை முதலில் என்ற வரிசை மாறியிருக்கிறது. பத்தித் தலைப்பை இரட்டைக் கிளிக் செய்து வகைகளை மேலும் கீழும் நகர்த்தினால் சரியாகிவிடும்.

ஹீமோகுளோபினை வெட்டாமல் எண்ணாகவே ஒப்பிட வேண்டுமானால் 'டி-டெஸ்ட்ஸ்' பகுதியில் 'வெல்ச்' என்பதை எடுத்து, சராசரி வித்தியாசத்தையும் அதன் இடைவெளியையும் டிக் செய்யுங்கள். 11.9-க்கும் 12.1-க்கும் இடையே கோடு போடுவதில் எவ்வளவோ தகவல் தொலைகிறது, ஆகவே இரண்டையும் தருவது நல்லது. மற்ற சோதனைகளைப் பற்றிக் கவலைப்பட இப்போது நேரமில்லை. ஒரே பெண்ணை மாத்திரைக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் மட்டும் ஜோடிச் சோதனை வேண்டும் என்று நினைவில் வையுங்கள்.

வயதும் வறுமையும்

பீடி சுற்றும் பெண்கள் வயதில் மூத்தவர்களாக, வருமானம் குறைந்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் 15 புள்ளி வித்தியாசத்தில் பீடிக்குப் பங்கு எவ்வளவு, தட்டில் விழும் சாப்பாட்டுக்குப் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். 'ரிக்ரெஷன்' பட்டனில் '2 அவுட்கம்ஸ்' என்று இருப்பது அது. எந்தக் காரணிகளைச் சேர்ப்பது என்பதை அந்த வெள்ளைத் தாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். பி மதிப்பு நன்றாக வந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது வேண்டாம். இரண்டு வகைகளில் சிறிய வகையில் எத்தனை பேரோ அவர்களில் பத்துப் பேருக்கு ஒரு காரணி என்பது பழைய கைக்கணக்கு. நமக்கு ரத்தசோகை இல்லாதவர் 114 பேர், அதனால் பதினொன்றுக்கு மேல் சேர்க்க முடியாது. ஐந்தோடு நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் 'பீடி சுற்றுவதால் ரத்தசோகை வருகிறது' என்று எழுத முடியாது. ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்ட ஆய்வு இது. ரத்தசோகையால் சோர்ந்து வயல் வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தே பீடி சுற்ற வந்தவரும் அந்த 72 பேரில் இருக்கலாம்.

ஒரே தெருப் பெண்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். மேலே செய்த எல்லாச் சோதனைகளும் 240 பெண்களும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. நீங்களோ ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊரில் வீடு வீடாகப் போனீர்கள். ஒரே தெருவில் ஒரே ரேஷன் கடை அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அங்கன்வாடி. பத்துப் பெண்களைப் பார்த்தாலும் பத்துப் பெண்களின் அளவுக்குப் புதுத் தகவல் கிடைப்பதில்லை. தடுப்பூசி ஆய்வுகளில் 30 கிளஸ்டர் (ஊர் அல்லது தெருக் கொத்து), கிளஸ்டருக்கு 7 குழந்தைகள் என்று 210 பேரை எடுக்கும் முறை இதைக் கணக்கில் வைத்துத்தான் வந்தது.

இப்படிக் கொத்தாக எடுத்ததால் முடிவின் மாறுபாடு (வேரியன்ஸ்) எத்தனை மடங்கு கூடுகிறது என்பதை டிசைன் எஃபெக்ட் என்பார்கள். நம் எடுத்துக்காட்டில் அது 2 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசத்தின் நம்பிக்கை இடைவெளி 2.5 முதல் 27.5 வரை என்பது மைனஸ் 2.7 முதல் 32.7 வரை என்று விரிந்துவிடும். பூஜ்ஜியம் உள்ளே வந்துவிட்டது. 0.02 என்று பளபளத்த பி மதிப்பு 0.1 பக்கம் போய்விடும். அதே பெண்கள், அதே ரத்தம், வேறு முடிவு.

ஜமோவியின் அடிப்படைப் பட்டன்களில் இதற்கு வழி இல்லை. ஆர்-ல் தாமஸ் லம்லி எழுதிய 'சர்வே' என்ற பேக்கேஜும், ஸ்டேட்டா என்ற சாஃப்ட்வேரில் அதற்கான கட்டளைகளும் இருக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் மூலத் தரவை இறக்கி அலசப் போகிறவருக்கு இவை இல்லாமல் முடியாது, ஒவ்வொருவரையும் கணக்கில் எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டும் எடை எண்ணும் (சாம்பிள் வெயிட்) அதில் இருக்கிறது. பயமாக இருந்தால் ஜமோவியின் மூன்று புள்ளி மெனுவில் 'சின்டாக்ஸ் மோட்' என்பதை டிக் செய்யுங்கள். நீங்கள் கிளிக் செய்ததெல்லாம் ஆர் கட்டளைகளாகத் தெரியும், பார்த்துப் பார்த்தே பாதி மொழி பிடிபட்டுவிடும். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று: ஊர்க் குறியீடு, வீட்டு எண் இரண்டு பத்திகளும் உங்கள் தாளில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அவை இல்லாமல் களத்திலிருந்து வந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேராலும் பிறகு சேர்க்க முடியாது.